கஞ்சி மட்டும் போதாது: குடல் ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடும் தண்ணீரும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் விருத்தாசலம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டையும் கொஞ்சம் முந்திரியும் இருக்கிறது. காட்டு வேலை இல்லாத நாளில் என் வீட்டுக்காரர் செராமிக் சூளைக்குப் போவார். வயது 51. வயிற்றில் கட்டி என்று ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்தார்கள். பெருங்குடலில் வலது பக்கத்தை எடுத்துவிட்டுச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்திருப்பதாகச் சொன்னார்கள். வெளியே பை எதுவும் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை தண்ணியாகப் போகிறது. சாப்பிட்ட கையோடு ஓட வேண்டியிருக்கிறது. கஞ்சியைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்கிறார். தண்ணி குடித்தால் இன்னும் போகிறது என்று அதையும் குறைத்துவிட்டோம். ஏழு கிலோ இளைத்துவிட்டார். இது இப்படியே நின்றுவிடுமா? எப்போது எல்லோரையும் போலச் சாப்பிடலாம்? மல்லாட்டை பிடுங்கும் சமயம் வருகிறது. அவர் மூட்டை தூக்கலாமா?

– ஒரு வாசகி, விருத்தாசலம் வட்டம்

பதில்: இந்தக் குடும்பம் அக்கறையோடு இரண்டு காரியங்களைச் செய்திருக்கிறது. சோற்றைக் குறைத்தது, தண்ணீரைக் குறைத்தது. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்த உடம்புக்கு இந்த இரண்டும்தான் அதிகம் தேவை. பெருங்குடலின் வலது பக்கத்தை எடுத்தவர்களுக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், மலம் இளகிப் போவது எதிர்பார்க்கக் கூடியதே. பெரும்பாலானவர்களுக்கு அது படிப்படியாகக் குறையும். ஏழு கிலோ இளைத்தது அப்படி விட்டுவிடக் கூடியது அல்ல. அடுத்த தேதி வரும் வரை காத்திராமல், இந்த வாரமே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்து எடுத்த பிறகு குடலில் கிருமித் தொற்று வந்தாலும் இப்படித் தண்ணியாகப் போகும். அதைப் பரிசோதித்தால்தான் தெரியும்.

ஏன் தண்ணியாகப் போகிறது?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை வார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு குழம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் இறுகி நிற்கும். அச்சு சரியாக உறிஞ்சாவிட்டால் பொம்மை இளகலாகவே இருக்கும். பெருங்குடலின் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு நாளில் வாய் வழியாகப் போகும் தண்ணீரும், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே சுரக்கும் நீரும் சேர்ந்து 8 முதல் 9 லிட்டர் வரை குடலுக்குள் இறங்குகிறது. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடல் அதையும் உறிஞ்சி, 100 முதல் 200 மில்லி தண்ணீரை மட்டும் மலத்தோடு விடுகிறது. அந்தப் பெருங்குடலில் ஒரு பகுதி போய்விட்டால், மீதிப் பகுதி முழு வேலையையும் பழகிக்கொள்ளும் வரை தண்ணியாகத்தான் போகும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் இது தீராது.

எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று தெரிய வேண்டும்

ஒருவருக்கு ஒத்துக்கொண்ட சாப்பாட்டு முறையை இன்னொருவருக்கு அப்படியே சொல்வது சரிப்படாது. குடலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேலை. டிஸ்சார்ஜ் சம்மரி என்று மருத்துவமனையில் தரும் தாளில், எந்தப் பகுதி எவ்வளவு எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாமல், மருத்துவரிடம் அல்லது செவிலியரிடம் காட்டித் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெருங்குடலின் வலது பக்கம் எடுத்தால், இந்த வாசகியின் கணவருக்கு இருப்பது போல, இளகிப் போவது முதலில் இருக்கும். இந்த ஆபரேஷனில் சிறுகுடலின் கடைசித் துண்டையும் சேர்த்து எடுப்பது வழக்கம். அந்தக் கடைசிப் பகுதியில்தான் வைட்டமின் பி12 சத்தும் பித்த உப்பும் திரும்ப உறிஞ்சப்படுகின்றன. பித்த உப்பு உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் வந்தால், அது குடலை உறுத்தித் தண்ணியாகப் போக வைக்கும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு இது கூடுதலாகத் தெரியும். இதற்குத் தனி மருந்து இருக்கிறது, மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நீளமான துண்டை எடுத்தவர்களுக்குப் பி12 ஊசி தேவைப்படலாம். உடம்பில் உள்ள பி12 இருப்பு தீரச் சில ஆண்டுகள் கூட ஆகும். அதனால் கை கால் மரத்துப்போதல், தீராத சோர்வு என்று பின்னால் வந்தால், இந்த ஆபரேஷனை மருத்துவரிடம் நினைவுபடுத்த வேண்டும்.

இடது பக்கம் எடுத்தவர்களுக்கு இளகலும் வரலாம், மலச்சிக்கலும் வரலாம். மலக்குடலை எடுத்தவர்களின் சிரமம் வேறு. மலத்தைத் தேக்கி வைக்கும் இடமே சிறுத்துவிடுவதால், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போவது, அடக்க முடியாத அவசரம், கசிவு ஆகியவை வரும். முதல் ஓராண்டில் இது நன்றாகக் குறையும், சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். ஆசனவாய்த் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி இதற்கு உதவும். எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

கஞ்சியில் எவ்வளவு இருக்கிறது?

மாமியாரின் அனுபவம் தவறல்ல. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களுக்குக் கஞ்சி நல்ல உணவு. ஐந்து வாரமும் அதுவே என்றால் கணக்கு இடிக்கும். ஒரு டம்ளர் கஞ்சிக்கு ஒரு பிடி, அதாவது 25 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், ஐந்து டம்ளரில் 125 கிராம் அரிசி. அதில் புரதம் சுமார் 9 கிராம். ஆபரேஷன் முடிந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. 55 கிலோ எடை உள்ளவருக்கு 66 முதல் 82 கிராம். கஞ்சி கொடுப்பது அதில் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. உரமே போடாமல் பயிரை எழுப்பி நிறுத்தப் பார்ப்பது போலத்தான் இது. தைத்த இடம் ஆறவும், தசை வளரவும் புரதம் வேண்டும். கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். ஏழு கிலோ அப்படித்தான் குறைந்திருக்கும்.

எனவே கஞ்சியை நிறுத்த வேண்டாம், அதோடு சேர்க்க வேண்டும். ஒரு அவித்த முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் மீனில் 18 கிராமுக்குக் குறையாது. குழைய வெந்த பாசிப்பருப்பு, தயிர், முள் நீக்கிய மீன், தோல் நீக்கிக் குழைய வேகவைத்த கோழி எல்லாம் நல்லவை. குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், ஜவ்வரிசிக் கஞ்சி, அவித்து மசித்த உருளைக்கிழங்கு, நன்கு பழுத்த வாழைப்பழம் ஆகியவை மலத்தைச் சற்று இறுக்கும். மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதை விட, ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுவது மேல். சாப்பிட்ட கையோடு ஓடும் அவசரம் இதனால் குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நம் வயலில் விளைவது கொஞ்சம் பொறுத்து

விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருப்பது மணிலா, முந்திரி, பலா, மக்காச்சோளம், கரும்பு. குடல் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு முதல் ஆறு வாரம் ஆகாதவை என்று மருத்துவர்கள் சொல்லும் பட்டியலிலும் பெரும்பாலும் இவைதான் இருக்கும். தையல் போட்ட இடம் வீங்கிக் குறுகியிருக்கும். முழுதாக மெல்லாத கொட்டையும், நாரும், சக்கையும் அங்கே போய்ச் சிக்கலாம். தேங்காய்ச் சில், முருங்கைக்காய்ச் சக்கை, முளைகட்டிய பயறு, காளான், ஆரஞ்சுச் சுளையின் தோல், பச்சைக் காய்கறி ஆகியவற்றுக்கும் இதே காரணம்தான்.

இந்தத் தடை நிரந்தரம் அல்ல. மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, மணிலாவை முதலில் நைசாக அரைத்த துவையலாக ஒரு தேக்கரண்டி, முந்திரியை அரைத்துக் குழம்பில் கலந்து என்று தொடங்கலாம். வறுத்த மணிலாவையும் உடைத்த முந்திரியையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், அப்போதும் கூழாகும் வரை மென்று விழுங்க வேண்டும். பலாச்சுளையும் அப்படியே. கரும்பைக் கடித்துத் தின்பதைத் தள்ளிப் போடலாம்.

இளகிப் போகும் நாட்களில் குறைக்க வேண்டியவை: பச்சை மிளகாய்க் காரம், எண்ணெயில் பொரித்தது, காபி, அதிக வெல்லம் அல்லது சர்க்கரை போட்ட பானம், சாராய வகை. காற்றைக் கூட்டுபவை: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, வெங்காயம், மொச்சை, சோடா வகை. இவை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்வதில்லை. அதனால்தான் கீழே சொல்லும் நோட்டு அவசியம்.

தண்ணீரும் உப்பும்

தண்ணீர் குடித்தால் போகிறது என்று தண்ணீரை நிறுத்துவது ஆபத்து. வெளியே போவது தண்ணீர் மட்டும் அல்ல, அதோடு உப்பும் போகிறது. இரண்டையும் சேர்த்து நிரப்பாவிட்டால் தலைச்சுற்றல், கால் கெண்டை இழுத்துப் பிடித்தல், சிறுநீர் குறைந்து மஞ்சளாதல் என்று தொடங்கி, சிறுநீரகம் வரை பாதிக்கும்.

குடல் தண்ணீரை உறிஞ்ச, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்திருக்க வேண்டும். 1971ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது, எல்லையை ஒட்டிய பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். முகாமில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, அப்படிக் குடித்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே.

ஒரு லிட்டர் பொட்டலத்தை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், கண் அளவுத் தண்ணீர் என்று கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை தலை தட்டி ஆறு தேக்கரண்டி, உப்பு தலை தட்டி அரைத் தேக்கரண்டி. உப்பு இதற்கு மேல் போகக் கூடாது. உப்புப் போட்ட சாதக் கஞ்சியும், உப்புப் போட்ட மோரும் கூடவே கொடுக்கலாம். ஒரே மூச்சில் சொம்பு நிறையக் குடிக்காமல், மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. சாப்பாட்டோடு அதிகத் தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் இடைவெளி விடலாம். இதய நோய், ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் போதுமா என்று பார்க்கச் சிறுநீரின் நிறமே அளவு. வெளிறிய நிறத்தில், பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போனால் போதுமானது.

ஒரு நோட்டு, ஒரு நேரத்தில் ஒரு பொருள்

விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மணிலா, முந்திரி ரகங்கள் வெளிவந்திருக்கின்றன. எந்த ரகத்தையும் எடுத்த எடுப்பில் பரிந்துரைப்பதில்லை. பழைய ரகத்தைப் பக்கத்தில் போட்டு, மற்றதெல்லாம் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். வீட்டுச் சாப்பாட்டையும் அப்படியே பார்க்கலாம்.

ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த நான்கைந்து உணவுகளை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு புதிதாக ஒரே ஒரு பொருளை, சிறு அளவில், பகல் வேளையில் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் அதையே தொடர்ந்து பார்க்க வேண்டும். நோட்டில் நான்கு பத்தி போதும்: என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை போனார், எப்படிப் போனது, வலியோ உப்பசமோ உண்டா. வாரத்துக்கு ஒரு நாள், அதே நேரத்தில், அதே தராசில் எடை. ஒத்துக்கொள்ளாத பொருளை என்றைக்கும் ஆகாது என்று தள்ளிவிடாமல், மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். பாலும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்த புதிதில் பால் சிலருக்குச் செரிக்காது, தயிர் செரிக்கும், பிறகு பாலும் செரிக்கலாம்.

இந்த நோட்டைக் கொண்டு போய்க் காட்டினால் மருத்துவருக்கும் வேலை சுலபம். "அடிக்கடி போகுதுங்க" என்று சொல்வதற்கும், "போன வாரம் ஆறு தடவை, இந்த வாரம் நான்கு தடவை, எடை அரைக் கிலோ ஏறியிருக்கிறது" என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பழைய சோறு கொடுக்கலாமா?

இதைப் பல வாசகர்கள் கேட்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ். கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. அந்த மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நல்ல நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச உதவுகின்றன. வடித்து ஆறிய சோற்றிலும் இந்த வகை மாவுச்சத்து ஓரளவு உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவைச் சிகிச்சைத் துறையும், குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவு உதவும் என்ற ஆய்வைக் கையில் எடுத்தது.

ஆகவே பழைய சோறு தள்ள வேண்டிய உணவு அல்ல, ஆனால் மருந்தாகவும் நினைக்கக் கூடாது. பெருங்குடலில் ஒரு பகுதியாவது மீதி இருந்தால்தான் மேலே சொன்ன பலன். கொதித்து ஆறிய தண்ணீர், கழுவிக் காய்ந்த பாத்திரம், மூடி, ஓர் இரவு மட்டும் என்பது முறை. கோடையில் சீக்கிரம் புளித்துவிடும். வாடை மாறியதைக் கொடுக்கக் கூடாது. கட்டிக்காகக் கீமோ மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் அனுமதி இல்லாமல் சாப்பிடக் கூடாது.

கழிப்பறை, தோல், வெளியூர்ப் பயணம்

அடிக்கடி போவதால் ஆசனவாய்த் தோல் புண்ணாகும். சோப்புப் போட்டுத் தேய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவலாம். குந்தி எழுவது வலித்தால், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி அல்லது மேற்கத்திய கோப்பை வசதி. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கட்டும். பலவீனமாக இருப்பவர்கள் இருட்டில் விழுவது அடிக்கடி நடக்கிறது.

வெளியூர் போகிற நாளில் பட்டினி கிடப்பது பலரின் வழக்கம். அதற்குப் பதில், கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒத்துக்கொண்ட உணவைக் கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒரு தடவை போய்விட்டு, மாற்று வேட்டியும் ஓ.ஆர்.எஸ். பாட்டிலும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பலாம். வீட்டார் இதைக் கேலிப் பேச்சாக்கக் கூடாது. கசிவுக்கு வெட்கப்பட்டுக் கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தி, பிறகு மருத்துவமனைக்குப் போவதையும் நிறுத்துபவர்கள் உண்டு. ஆபரேஷனில் எடுத்த கட்டியின் பயாப்சி முடிவைக் கேட்டு வாங்குவதும், மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாததும் சாப்பாட்டை விட முக்கியம்.

மூட்டை தூக்கலாமா?

கூடாது. வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் குறைந்தது ஆறு வாரம், பல மருத்துவர்கள் மூன்று மாதம் வரை, கனம் தூக்க வேண்டாம் என்பார்கள். உள்தசை ஆறுவதற்கு முன் மூட்டை தூக்கினால், தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கி மறுபடி ஆபரேஷன் வரை போகலாம். முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பான் நிறைந்திருந்தால் 16 லிட்டர் தண்ணீரே 16 கிலோ, அதுவும் வேண்டாம். இந்த அறுவடைக்கு ஆள் வைப்பதோ, அக்கம்பக்கத்தில் மாற்றாள் பேசிக்கொள்வதோதான் வழி. களத்தில் உட்கார்ந்து காய் ஆய்வது, கணக்குப் பார்ப்பது, தினமும் காலையும் மாலையும் நடப்பது ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம். நடப்பது குடலுக்கும் நல்லது.

சூளை வேலை இன்னும் தாமதமாகட்டும். வேர்வையிலும் உப்பும் தண்ணீரும் போகும். தண்ணியாகப் போகிறவர் சூளை வாயில் நின்றால் ஒரே நாளில் சுருண்டு விழலாம். மலம் இறுகி, எடை ஏறிய பிறகு, மருத்துவரைக் கேட்டு, வண்ணம் பூசுவது, அடுக்குவது போன்ற நிழல் வேலையில் தொடங்கலாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் நின்றுபோனால், அது அடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்தோ எனிமாவோ நாட்டு மருந்தோ கொடுக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலோடு வயிற்று வலி, மலத்தில் ரத்தம், தார் போல் கருத்த மலம், புண்ணில் சீழ், நாள் முழுக்கச் சிறுநீர் குறைவு, எழுந்து நிற்கும்போது மயக்கம் ஆகியவற்றுக்கும் அன்றைக்கே மருத்துவமனை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மலம் கருப்பாக வரும், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். டிஸ்சார்ஜ் சம்மரியும் காப்பீட்டு அட்டையும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும்.

சிறு கேள்விகள்

கேள்வி: என் தம்பிக்குச் சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை வைத்திருக்கிறார்கள். பை அடிக்கடி நிறைகிறது. எவ்வளவு வரலாம்?

பதில்: சிறுகுடல் பையில் முதல் சில வாரங்களில் அதிகமாக வரும், பிறகு ஒரு நாளைக்கு 500 முதல் 800 மில்லி அளவில் நிலைக்கும். ஓர் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்போது வெறும் தண்ணீரையும் டீயையும் லிட்டர் கணக்கில் குடித்தால் பையில் வருவது கூடுமே தவிர உடம்பில் சேராது. ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் வேண்டும். வெளியே தெரியும் குடல் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கருத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே போக வேண்டும். கொட்டை வகையும் மக்காச்சோளமும் பையுள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம்.

கேள்வி: கடையில் வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கேட்காமல் கொடுக்கக் கூடாது. லோபெரமைடு போன்ற மாத்திரையை மருத்துவர்களே எழுதித் தருவது உண்டு, அளவும் நேரமும் அவர்கள் சொல்வது. காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது தானாகக் கொடுத்தால் நோய் முற்றலாம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் பி.பி. மாத்திரையும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அதே அளவு தொடரலாமா?

பதில்: சாப்பாடு குறைந்திருக்கும்போது பழைய அளவுச் சர்க்கரை மருந்து, சர்க்கரையை அதிகம் இறக்கிவிடலாம். மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சிறுநீரைக் கூட்டும் வகை பி.பி. மாத்திரை, தண்ணியாகப் போகும் நாளில் உடம்பை இன்னும் வற்றவைக்கும். தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகத் தொடரவும் வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டி அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி வைக்கலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்த்துச் சொல்வார்கள்.